கூந்தலுக்குப் பின்னால் ஒரு முகம்: பெண் உருவமும் படமாகும் இசைவும்

(கண்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட அச்சு வடிவம். திரையில் காட்டிய படங்களைப் பற்றிய இடைக்குறிப்புகள் சுருக்கப்பட்டுள்ளன.)



அழைப்பிதழில் என் தலைப்பு ‘சமகாலக் கலையில் பெண் அடையாளமும் அழகும்’ என்று அச்சாகியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் தலைப்பில்லை. ஆகவே இலங்கைப் பெண் கலைஞர் ஒருவரின் ஒரேயொரு புகைப்படத் தொடரை எடுத்துக்கொண்டு, அதைக் கண்டியில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை மட்டும் பேசப்போகிறேன். கொழும்பிலோ டெல்லியிலோ நின்று பார்ப்பவர்களின் கண்ணில் எளிதில் படாத சில சங்கதிகள் இங்கிருந்து பார்த்தால் தெரிகின்றன என்பது என் எண்ணம்.

கலைஞரின் பெயர் அனோலி பெரேரா. 1962இல் கொழும்பில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது சமூக அறிவியல் பாடங்கள். கலை பிறகு வந்தது. 2000இல் தொடங்கிய ‘தீர்த்த’ கலைஞர் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். துணி, நூல், பின்னல், லேசு என்று வீட்டுப் பெண்களின் கைவேலைக்குரிய பொருள்களைக் காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர். ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசையை நாற்காலிகளோடு சேர்த்து வலைபோலப் பின்னிச் சுற்றி அவர் அமைத்த நிர்மாணக் கலைப்படைப்பைப் பலர் அறிவீர்கள். நான் இன்று எடுத்துக்கொள்வது 2010, 2011 அளவில் அவர் செய்த புகைப்படத் தொடரை. ‘என் கூந்தலை அவிழ்த்துவிட்டேன்: எதிர்ப்புத் தொடர்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

ஒரு படத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உடுப்பு பழைய காலத்தது. முதுகு நிமிர்ந்திருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்துக் குடும்பப் படங்களில் பெண்கள் எப்படி அடக்கமாக இருப்பார்களோ அப்படியே இவளும் இருக்கிறாள். எல்லாம் முறைப்படிதான் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. தலைமயிர் முழுவதும் முன்பக்கமாக வாரிவிடப்பட்டு உச்சியிலிருந்து திரைபோலத் தொங்குகிறது. கண் எங்கே, மூக்கு எங்கே என்று எதுவும் தெரியாது. பார்க்கிற நம் கண் முகத்தைத் தேடிப் போய், கிடைக்காமல், கைகளுக்கும் சேலைக் கரைக்கும் நாற்காலியின் கைப்பிடிக்கும் இறங்கி வருகிறது. இளையவர்களுக்கு முதலில் பேய்ப்பட ஞாபகம் வரும். வந்தால் வரட்டும், அதுவும் ஒரு வாசிப்புத்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான். பெண்ணின் அழகைப் பற்றிய நம் பேச்செல்லாம் அவள் எப்படித் தெரிகிறாள் என்பதையே சுற்றுகிறது. அப்படித் தெரிவதற்கு அவள் இசைந்தாளா என்ற கேள்வி அதற்கு முந்தியது. அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டுப் பெண் அடையாளம் பற்றி எவ்வளவு பேசினாலும் அது அலங்காரப் பேச்சாகத்தான் முடியும். ஐந்து குறிப்புகளாக இதை விரிக்கிறேன். ஐந்தும் ஒரே நீளத்தில் இருக்கமாட்டா.

1. அந்த நாற்காலி கண்டிக்குப் புதிதல்ல.

சார்ள்ஸ் ஸ்கோவன் என்ற ஆங்கிலேயர் 1870களின் தொடக்கத்தில் இலங்கை வந்து கண்டியில் ஒரு முகவரிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 1876 அளவில் இதே நகரத்தில் சொந்தமாகப் புகைப்பட நிலையம் வைத்துவிட்டார். கொழும்புக் கிளை பின்னால் வந்தது. மலைகளையும் பேராதனைப் பூங்காவையும் அவர் எடுத்த படங்கள் நுட்பமானவை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய நிலையத்திலும் அந்தக் காலத்து மற்ற நிலையங்களிலும் விற்பனைக்கு எடுத்த இன்னொரு வகைப் படம் உண்டு. ‘தமிழ்ப் பெண்’, ‘சிங்களப் பெண்’, ‘கண்டிச் சீமாட்டி’ என்று கீழே எழுதியிருக்கும். வாங்கியவர்கள் தோட்டத்துரைகளும் கப்பல் பயணிகளும். இங்கிலாந்துக்குத் திரும்பும்போது யானை, தென்னை, தலதா மாளிகை ஆகிய படங்களோடு ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காலத்து முறையில் படம் விழ நேரம் எடுக்கும். ஆள் அசைந்தால் படம் கெட்டுவிடும். தலை ஆடாமலிருக்க முதுகுப் பக்கத்தில் இரும்புத் தாங்கி வைத்துப் பிடரியை அணைத்து நிறுத்துவார்கள். படத்தில் அந்தத் தாங்கி தெரியாது. தெரிவதெல்லாம் பெண்ணின் அமைதி. அதைத்தான் பின்னால் வந்தவர்கள் கீழைத்தேயப் பெண்ணின் இயல்பான சாந்தம் என்று வருணித்தார்கள்! பாதிச் சாந்தம் இரும்புத் தாங்கியின் சாந்தம்.

அனோலி பெரேராவின் படங்களில் வரும் நாற்காலியும் உட்காரும் பாங்கும் அந்தப் பழைய நிலையங்களிலிருந்தும், அவற்றைப் பார்த்து நம்மவர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட குடும்பப் படங்களிலிருந்தும் வருகின்றன. நாற்காலியை அவர் அகற்றவில்லை. படமெடுப்பவன் எதற்காக அவளை அதில் உட்கார வைத்தானோ அதை மட்டும் தராமல் விடுகிறார்.

இங்கே ஒருவர் எழுந்து, படமெடுப்பவர் பெண்ணாக இருந்தால் எல்லாம் மாறிவிடாதா என்று கேட்கலாம். அதற்கும் நம் மலையிலேயே பதில் இருக்கிறது. புகைப்படக் கலையின் பெரும் பெயர்களில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்குக் குடிவந்தார். 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் காலமானார். பொகவந்தலாவையின் கிறிஸ்தவ ஆலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த பெண்களில் மிகப் பலரின் பெயர் நமக்குத் தெரியும். வீட்டு வேலைக்காரிக்குக்கூடப் பெயர் உண்டு, வாழ்க்கைக் குறிப்பு உண்டு. இலங்கையில் அவர் எடுத்து எஞ்சியிருக்கும் சில படங்களில் உள்ள பெண்களில் ஏறக்குறைய யாருக்கும் பெயரில்லை. கமராவைப் பிடித்திருக்கும் கை பெண்ணுடையதா ஆணுடையதா என்பது முக்கியந்தான். ஆனால் அது மட்டும் போதாது.

2. வெள்ளைக்காரனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நம் சொந்த மரபைப் பார்ப்போம்.

உடுநுவரையில் எம்பக்கே தேவாலயம் இருக்கிறது. கம்பளை அரசுக் காலத்தது, கதிர்காமத் தெய்வத்துக்குரியது. அதன் மேளமண்டபத்து மரத்தூண்களைப் பார்க்காதவர்கள் இந்தச் சபையில் குறைவு. சதுரமான தூண் பரப்பில் அன்னம், மல்லர், குதிரைவீரன், பாலூட்டும் தாய், ஆடும் பெண். அவற்றிடையே கொடியின் நடுவிலிருந்து முளைத்தெழும் பெண்ணும் உண்டு. இடுப்புக்கு மேலே பெண், கீழே இலையும் சுருளும். நாரிலதா என்பார்கள். இமயத்தில் பெண்ணையே பூவாகப் பூக்கும் கொடியொன்று உண்டு, தவம் செய்பவரை அது மயக்கும் என்பது கதை. ரிதி விகாரையில் தந்தத்தில் செதுக்கிய இன்னொரு உருவம் உண்டு. ஐந்து பெண்களின் உடல்கள் பின்னிப் பிணைந்து ஒரு குடமாகின்றன. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலைப் படித்தவர்களுக்கு இந்த அலங்கார வகைகள் தெரிந்திருக்கும்.

சிற்பியின் கைத்திறமைக்கு நான் தலை வணங்குகிறேன். என் கேள்வி திறமையைப் பற்றியதல்ல. கொடியாகவும் குடமாகவும் ஆகும்போது பெண் அழகாக இருக்கிறாள், ஆனால் ஒருத்தியாக இல்லை. ஐந்து பேரில் யாருடைய கை எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்வதுதான் அங்கே வித்தை.

மாத்தளைக்கு அப்பால் சீகிரியாவில் இதே விஷயம் வேறு விதமாக நடந்திருக்கிறது. ஓவியப் பெண்களைப் பார்க்க வந்தவர்கள் பளிங்குச் சுவரில் கவிதை கிறுக்கினார்கள். அவற்றில் 685ஐத் தொல்லியலாளர் பரணவிதான படித்து 1956இல் பதிப்பித்தார். பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அந்தப் பெண்கள் நம்மோடு பேசமாட்டேன் என்கிறார்களே என்று மனந்தாங்காமல் எழுதியவர்கள் அவர்களில் பலர். சுவரோவியம் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளும் பார்வையாளன்! எழுதியவர்களில் பெண்களும் சிலர் உண்டு. அவர்கள் தொனி வேறு. அதைத் தனியாக ஆராய வேண்டும், யாராவது மாணவர் எடுத்துச் செய்தால் நல்லது.

இனி ஜோர்ஜ் கீற். 1901இல் கண்டியில் பிறந்தவர், திரித்துவக் கல்லூரி மாணவர், 1993இல் மறைந்தவர். இந்த நாட்டின் நவீன ஓவியத்தில் அவரைத் தாண்டி யாரும் பெண்ணுருவத்தைப் பற்றிப் பேச முடியாது. 1940இல் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் தந்தவர். ராதையும் நாயிகைகளும் அவர் கோட்டில் வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டே இருந்தார்கள். மீன்போல நீண்ட கண், பக்கவாட்டு முகத்திலும் முழுதாகத் தெரியும் கண், ஒரே இழுப்பில் தோளிலிருந்து இடுப்புக்கு ஓடும் கோடு. அவருடைய கோட்டின் வேகத்துக்கு ஈடு சொல்ல இந்தத் தீவில் இன்னொருவர் இல்லை என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். அதேசமயம் அவருடைய பெண் எப்போதும் ஒருவனுக்காகக் காத்திருக்கிறாள், அல்லது அவன் அணைப்பில் இருக்கிறாள், அல்லது தன்னை அலங்கரித்துக்கொள்கிறாள். அவள் தனியாக உட்கார்ந்து எதையாவது யோசிக்கும் படம் அபூர்வம். கீற் சேர்ந்திருந்த ‘43 குழு’, பெயர் சொல்வதுபோல, 1943இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய ஓவியர்களாக எண்ணப்படுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். நவீனம் வந்தது, பெண்ணுருவமும் கூடவே வந்தது, தூரிகை பிடித்த பெண் மட்டும் பிந்தி வந்தாள்.

3. கூந்தல் என்ற ஆயுதம்.

ஏன் முகத்தை முக்காட்டால் மூடவில்லை, முகமூடியால் மூடவில்லை, கூந்தலால் மூடினார்? தமிழ் படித்த சபை இது. விடையைப் பாதி நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவும் எண்ணெயும் தருவதுதானா என்று நம் புராணத்தில் ஒரு பெரும் வழக்கு நடக்கிறது. தருமிக்காக இறைவன் ஒரு பக்கம், நக்கீரர் மறு பக்கம், தீர்ப்புக்குப் பாண்டியன் சபை. நெற்றிக்கண் திறக்கும் அளவுக்குப் போனது விவாதம். நக்கீரரின் நெஞ்சுரத்தை நாம் பள்ளிக்கூடத்திலிருந்தே கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சபையில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அம்மா, உன் தலைமயிர் விஷயம் இது, நீ என்ன சொல்கிறாய் என்று யாராவது கேட்டார்களா? அரசியின் ஐயமில்லை, அரசனின் ஐயம். புலவரின் பாட்டு, இறைவனின் வாதம். கூந்தல் மட்டும் பெண்ணுடையது. பெண்ணழகைப் பற்றிய விமரிசனம் நம்மிடையே எப்படி நடந்துவந்தது என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் நம்மிடம் இருக்கிறது. முடித்த கூந்தல் ஒழுங்கு, அவிழ்ந்த கூந்தல் கோபம் அல்லது துயரம். துரியோதனன் சபையில் அவமானப்பட்ட பாஞ்சாலி கூந்தலை முடிக்கமாட்டேன் என்று சபதம் செய்தாள். கண்ணகி தலைவிரிகோலமாகத்தான் பாண்டியன் சபைக்குள் நுழைந்தாள். அதே கண்ணகி பத்தினியாகி இங்கே தலதா மாளிகைக்கு எதிரில் தேவாலயம் கொண்டிருக்கிறாள். எசல பெரஹராவில் ஊர்வலம் அனுப்பும் நான்கு தேவாலயங்களில் ஒன்று அவளுடையது. அவிழ்ந்த கூந்தல் என்றவுடன் சிங்களவருக்கும் தமிழருக்கும் சேர்ந்தே நினைவுக்கு வரக்கூடிய ஒரு பெண் இந்த நகரத்தின் நடுவில் குடியிருக்கிறாள். அனோலி பெரேரா கண்ணகியை நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் எதிர்கொண்டது காலனியப் படங்களையும் குடும்ப ஆல்பங்களையும். ஆனால் படைப்பு ஓர் ஊருக்கு வந்தால் அந்த ஊரின் நினைவுகளோடு சேர்ந்துதான் நிற்கும்.

இந்தத் தொடரில் எனக்குப் பிடித்தது, அது அழகை வெறுக்கவில்லை என்பது. தலையை மொட்டையடித்தும் எதிர்ப்புக் காட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை. கூந்தல் அழகாகவே இருக்கிறது, சீவிய ஒழுங்கு தெரிகிறது. எதை அழகின் அடையாளம் என்று எல்லோரும் புகழ்ந்தார்களோ அதையே எடுத்துக் கதவாகச் சாத்திக்கொள்கிறாள். கதவை உள்ளிருந்து தாழிட்டவள் அவள். திறப்பதும் அவள் விருப்பம்.

4. இனி என் மாறுபாடு. இந்தச் சொற்பொழிவில் அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும்.

அந்த நாற்காலியில் உட்காரக் கிடைத்தவர்கள் யார்? படப்பிடிப்பு நிலையத்துக்குக் காசு கொடுத்துக் குடும்பத்தோடு போனவர்கள். வீட்டு முன்னறையில் சட்டம் போட்டு மாட்டச் சுவர் இருந்தவர்கள். அவர்கள் வீட்டுப் பெண் முகத்தை மறைக்கும்போது, மறைப்பதற்கு முன்னால் அவளுக்கு ஏற்கெனவே ஒரு முகம் இருந்தது, ஆல்பத்தில் பெயரும் இருந்தது. மறைப்பது அவளுக்கு எதிர்ப்பாகிறது. நம் தோட்டத்துப் பெண்ணுக்கு அப்படியா?

கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் மலைநாட்டுக் கோப்பிக் காடெல்லாம் தேயிலையானது. கொழுந்து பறிக்கும் பெண்ணும் படமானாள். பிளேட்டே போன்ற புகைப்பட நிறுவனங்கள் போட்ட தபாலட்டைகள், தேயிலைப் பெட்டி, சுற்றுலாச் சுவரொட்டி, விமான நிலையப் பதாகை என்று உலகத்தில் மிக அதிகமாக அச்சான தமிழ்ப் பெண்ணின் முகம் அவளுடையதாகத்தான் இருக்கவேண்டும். முதுகில் கூடை, ஒரு கை செடியில், முகம் கமராவுக்கு, உதட்டில் சிரிப்பு. சேலை மடிப்புக் குலையாமல் இருக்கும்.

அந்தப் படத்தையும் மலையில் நிற்கும் பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடுப்பில் படங்கு. பனியில் நனைந்த செடி வயிற்றை அறுக்காமலிருக்க அது. மேலே பழைய சட்டை, தலையில் மடித்த துணி, அதன்மேல் கூடைக்கயிறு. காலில் அட்டைக்குப் பூசிய சவர்க்காரம். விடியப் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்குக்கு நிற்கவேண்டும், மாலையில் கொழுந்து மடுவத்தில் நிறுவை, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். பல தோட்டங்களில் கூடையே போய்ச் சாக்கு வந்து பல காலமாகிறது. ஆனால் சுவரொட்டிக்காரனுக்குக் கூடை வேண்டும். நுவரெலியா வீதியில் வாகனம் நிறுத்தும் இடங்களில் படத்துக்காக மட்டும் கூடை மாட்டி நிற்கும் பெண்களை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். கையில் விழும் காசுக்காக நிற்கிறார்கள். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வறுமையில் பிறந்த இசைவையும் இசைவு என்று எண்ணலாமா என்பதுதான் கேள்வி. பெட்டியில் சிரிப்பவளின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாவதற்கு 2021 வரை போராட வேண்டியிருந்தது.

அவளை எடுத்த இன்னொரு படமும் உண்டு. அதைப் பற்றிக் கலை விமரிசகர்கள் எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பிறகு தீர்மானிக்கப்படட்டும் என்று விட்டார்கள். இந்த நகரத்தில் இருக்கும் இந்திய உதவி உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் வாசலில் அந்தக் காலத்தில் காத்து நின்றவர்களின் பிள்ளைகள் இச்சபையிலும் இருக்கக்கூடும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். நேராகப் பார்க்க வேண்டும், நெற்றி தெரிய வேண்டும், முக்காடு கூடாது, சிரிப்பும் வேண்டாம். பிறகு கோச்சி ஏறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

எத்தனையோ மலையகக் குடும்பங்களில் பாட்டியின் ஒரே படம் அந்தக் கடவுச்சீட்டுப் படந்தான். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை போட்டிருப்பார்கள். படத்தின் ஓரத்தில் முத்திரையின் வளைவு சில வேளை அழியாமல் நிற்கும். போகிற ஊர் எது என்று தெரியாமல், இருக்கிற ஊரில் இடமில்லை என்று அறிவிக்கப்பட்ட நாளில் எடுத்த முகம் அது. தபாலட்டை அவள் சிரிப்பை வாங்கிக்கொண்டு பெயரை விட்டுவிட்டது. கடவுச்சீட்டு பெயரை எழுதிக்கொண்டு சிரிப்பை விட்டுவிட்டது. இரண்டிலும் அவளைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை.

ஆகவே அனோலி பெரேராவின் படைப்பை இங்கே கொண்டுவந்து வைக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தை மறைக்கும் உரிமையும், தன் பெயரோடு தன் விருப்பப்படி முகத்தைக் காட்டும் உரிமையும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள். கொழும்பு வீட்டு முன்னறையில் முதலாவது அவசரமாக இருக்கலாம். லயத்து அறையில் இரண்டாவதுதான் அவசரம். மறைத்தலை மட்டும் பெண்ணெதிர்ப்பின் மொழியாகக் கொண்டாடினால் நம் பாட்டிமார் மறுபடியும் படத்துக்கு வெளியில்தான் நிற்பார்கள்.

5. அந்த இரண்டாவது பக்கத்தை யார் வரைகிறார்கள்?

அட்டனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலையையே தன் ஊடகமாக எடுத்துக்கொண்டவர். தோட்டத்துப் பெண்ணின் உடலையும் உழைப்பையும் தேயிலைக் கறையிலும், தேநீரோடு புழங்கும் சிறு சாமான்களிலும் அவர் கொண்டுவருகிறார். விளம்பரம் பச்சையாகக் காட்டும் தேயிலை அவரிடம் கறையாக வருகிறது. கழுவினாலும் போகாத கறை என்பதைக் கொழுந்து பறித்த விரல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுவரொட்டி தொலைவில் நின்று பார்த்த உடலை இவர் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறார்.

கிழக்கில், மட்டக்களப்பில் இயங்கும் கமலா வாசுகியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் அ. மாற்கு மாஸ்டரிடம் ஓவியம் பயின்றவர், பெண்கள் இயக்கங்களோடு வாழ்ந்துகொண்டே வரைபவர். அவரிடம் பெண் பெரும்பாலும் மரத்தோடும் மண்ணோடும் சேர்ந்து வருகிறாள். எம்பக்கேயின் கொடிப்பெண்ணை நினைத்துக்கொண்டு இவர் படங்களைப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். அங்கே கொடி பெண்ணை விழுங்கிவிடுகிறது. இங்கே அவள் ஊன்றி நிற்கிறாள்.

ஈழத்துத் தமிழ்க் கவிதையில் இந்தத் திருப்பம் முன்னாலேயே நடந்துவிட்டது. 1986இல் யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்போடு பெண் தன் குரலில் பேசத் தொடங்கிவிட்டாள் என்று இலக்கியம் படித்தவர்கள் எல்லோரும் ஒப்புவார்கள். ஓவியத்தில் அதேயளவு கவனம் நாம் இன்னும் கொடுக்கவில்லை. கவிதைக்குப் புத்தகம் போதும். ஓவியத்துக்குச் சுவர் வேண்டும், வெளிச்சம் வேண்டும், சில வாரங்களுக்கு ஒரு மண்டபம் வேண்டும். ஒரு பெண் கலைஞருக்குத் தனிக்காட்சி வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணமும் அதுதான். குழுக்காட்சியில் ஒரு படம் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். தனிக்காட்சியில் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது, எதை மறைப்பது, எதைக் காட்டுவது, பெயர்ச்சீட்டில் என்ன எழுதுவது என்று எல்லாவற்றையும் அவளே தீர்மானிக்கிறாள். நான் இவ்வளவு நேரம் சொன்ன இசைவு என்பது அந்த மண்டபத்தில் நடைமுறையாகிறது.

சபையோருக்கு இரண்டு வேண்டுகோள்கள், அதோடு முடிக்கிறேன்.

வீட்டில் பழைய படங்கள் இருந்தால், கடவுச்சீட்டுப் படமாயினும், கண்டி ஸ்டூடியோவில் எடுத்த கலியாணப் படமாயினும், மங்கிப்போன அடையாள அட்டைப் படமாயினும், இந்த வாரமே எடுத்துப் பின்பக்கத்தில் அதிலுள்ள பெண்களின் பெயர், தோட்டம், டிவிசன், ஆண்டு ஆகியவற்றை எழுதிவையுங்கள். மென்மையான பென்சிலால் எழுதுங்கள்; பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

மற்றது அறக்கட்டளைக் குழுவினருக்கு. மலையகத்திலிருந்து வரையும் பெண்கள் இன்று இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கண்டியில் ஒரு மண்டபத்தைப் பிடித்துக் கொடுத்து, வாகனக்கூலியும் சட்டக்கூலியும் நீங்கள் ஏற்று, தனிக்காட்சி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு என்னைப் போன்ற பேச்சாளர் வேண்டாம், அவரையே அழையுங்கள்.